எல்லாம் துக்கம் என்கிற யோக சூத்திரம் நிலையான மகிழ்ச்சிக்கு வழி ஆவது எப்படி?

தெளிநீர் கேட்டது:

பதஞ்சலி யோக சூத்திரத்தை உரையோடு வாசிப்பவர்களிடம் மூன்று சந்தேகங்கள்.

ஒன்று. 2.15இல் (இரண்டாம் பாதம், அதாவது அத்தியாயம், 15ஆம் சூத்திரம்), விவேகம் உள்ளவனுக்கு எல்லாமே துக்கம்தான் என்று வருகிறது. அதே பாதத்தில் 2.42, சந்தோஷத்தால் ஒப்பற்ற சுகம் கிடைக்கும் என்கிறது. எல்லாமே துக்கம் என்றால் அந்தச் சுகம் எந்தக் கணக்கில் சேரும்?

இரண்டு. இயமம் (விலக்க வேண்டியவை), நியமம் (கடைப்பிடிக்க வேண்டியவை), ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம் (புலன்களை உள்ளே திருப்புவது), தாரணை (மனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது), தியானம், சமாதி என்ற எட்டு அங்கங்களையும் படி ஏறுவதுபோல ஒன்று முடித்து ஒன்றாகத்தான் செய்ய வேண்டுமா? இயம நியமம் கைவராமல் தியானத்தில் உட்காரவே கூடாது என்கிறார்கள் சிலர். உட்கார்ந்தால் போதும், மற்றதெல்லாம் தானே வரும் என்கிறார்கள் வேறு சிலர்.

மூன்று. எனக்கு முக்கியமானது இதுதான். பயிற்சி தொடங்கினால் முதல் மூன்று நான்கு வாரம் மனம் லேசாகிறது. அப்புறம் பழைய எரிச்சல் பழைய அளவிலேயே திரும்பிவிடுகிறது, சில நாள் கூடவே வருகிறது. பலரும் இதையே சொல்கிறார்கள். பொறுமையாக இருங்கள் என்ற பதில் வேண்டாம். மூலத்திலோ உரையிலோ இதற்கு என்ன விளக்கம், அன்றாடம் எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உரைகல் எழுதியது:

முதல் கேள்விக்குப் போகுமுன் ஓர் எச்சரிக்கை. யோக சூத்திரத்தைத் தமிழில் வாசிப்பவருக்கு இருக்கும் தொல்லை, வேறு மொழிக்காரர் பலருக்கு இல்லாதது. பாதிச் சொற்கள் நமக்கு ஏற்கெனவே தெரியும், வேறு பொருளில். விருத்தி என்றால் நமக்கு வளர்ச்சி. அங்கே சித்தத்தின் அசைவு. வைராக்கியம் என்றால் நமக்கு விடாப்பிடி, 'வைராக்கியமா நின்னு ஜெயிச்சான்' என்போம். அங்கே அதற்கு நேர் எதிர், பிடி விடுதல். ராகம் பாட்டு அல்ல, பற்று. சமாதி கல்லறை அல்ல. யோகம் அடித்தது என்று நாம் சொல்லும் அதிர்ஷ்டத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

உங்கள் முதல் சந்தேகமே இப்படிப்பட்ட ஒரு சொல்லில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. 2.42இல் வரும் சந்தோஷம் நாம் சொல்லும் குதூகலம் இல்லை. ஐந்து நியமங்களில் இரண்டாவது அது. சூத்திரத்துக்கு வியாசர் பெயரில் உள்ள பழைய உரை அதற்குக் கொடுக்கும் இலக்கணம் கச்சிதமானது: கைவசம் உள்ள சாதனத்துக்கு மேல் அடைய விரும்பாமை. போதும் என்ற மனம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே சூத்திரம் சொல்வது, மகிழ்ச்சியால் மகிழ்ச்சி வரும் என்பதல்ல; போதும் என்பதால் சுகம் வரும் என்பது. அந்த உரையிலேயே ஒரு பழைய செய்யுள் எடுத்தாளப்படுகிறது. உலகத்துக் காமசுகம், தேவலோகத்துப் பெருஞ்சுகம் இரண்டையும் சேர்த்தாலும், வேட்கை தேய்ந்ததால் வரும் சுகத்தில் பதினாறில் ஒரு பங்குக்கு ஈடாகாது என்பது அதன் கருத்து. கவனியுங்கள், இந்தச் சுகம் எதையும் சேர்த்து வருவதில்லை, ஒன்று குறைவதால் வருகிறது.

இப்போது 2.15. வாழ்க்கையே அழுகை என்ற புலம்பல் அல்ல அது. காரணங்களை எண்ணிச் சொல்கிறது. முதலாவது பரிணாம துக்கம்: அனுபவித்தால் ஆசை அடங்கும் என்று நினைக்கிறோம், ஆனால் அனுபவிக்க அனுபவிக்கப் பற்றும் வளர்கிறது, புலன்களின் சாமர்த்தியமும் வளர்கிறது. தேளுக்குப் பயந்து ஓடியவன் பாம்பிடம் கடிபட்டதுபோல என்கிறார் வியாசர். இரண்டாவது தாப துக்கம்: சுகம் கையில் இருக்கும்போதே அதற்கு இடைஞ்சல் வருமோ என்ற தகிப்பு, இடைஞ்சல் செய்பவர்மேல் வெறுப்பு. மூன்றாவது சம்ஸ்கார துக்கம்: முடிந்த பின்னும் அதன் பதிவு தங்கி, நினைவாக எழுந்து மறுபடி தேட வைப்பது. இவற்றோடு நாலாவதாக ஒரு காரணம்: சத்துவம் (தெளிவு), ரஜஸ் (வேகம்), தமஸ் (மந்தம்) என்ற மூன்று குணங்களும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருப்பதால் எந்த மனநிலையும் நின்ற இடத்தில் நிற்காது. ஆக, முன்னும் பின்னும் நடுவிலும் சுகத்தோடு ஒட்டி வருவதைத்தான் துக்கம் என்கிறார். சுகம் இல்லவே இல்லை என்று எங்கும் சொல்லவில்லை.

'விவேகிக்கு' என்று ஏன் குறிப்பாகச் சொன்னார்? கம்பளி நூல் ஒன்று கையில் விழுந்தால் தெரியாது, கண்ணில் விழுந்தால் உறுத்தும். விவேகி கண்ணைப் போன்றவன் என்கிறது உரை. மூன்றாவது கேள்விக்கும் இது பாதி பதில். பயிற்சியால் கூர்மை கூடும்போது, முன்பு உறைக்காத எரிச்சல் உறைக்கத் தொடங்கும். எரிச்சல் கூடியிருக்க வேண்டும் என்பதில்லை.

அதே இடத்தில் வியாசர் மருத்துவ சாஸ்திரத்தை ஒப்பிடுகிறார். நோய், நோயின் காரணம், நலம், மருந்து என்று அங்கே நான்கு. இங்கே துக்கம், அதன் காரணம், அதன் நீக்கம், நீக்கும் வழி. காரணமாக 2.17 சொல்வது, காண்பவனும் காணப்படுவதும் ஒன்றாக மயங்கிக் கிடப்பது. மருந்தாக 2.26 சொல்வது, அறுபடாத விவேகக்கியாதி, அதாவது அந்த இரண்டும் வேறு என்று பிரித்தறியும் தெளிவு. இடையில் 2.16 சின்ன சூத்திரம்தான், நடைமுறைக்கு மிகப் பெரியது: இனி வரப்போகும் துக்கமே தவிர்க்கத் தக்கது. நடந்து முடிந்ததை அழிக்க முயல வேண்டாம், இப்போது நடப்பது அனுபவித்தே தீரும். உழைப்பு முழுவதும் அடுத்ததன்மேல்தான்.

இன்னொன்று. சமாதியின் படிகளில் ஆனந்தம் என்று ஒரு கட்டம் 1.17இல் வருகிறது. விதர்க்கம் (பருப்பொருளில் ஊன்றுவது), விசாரம் (நுண்பொருளில் ஊன்றுவது), ஆனந்தம், அஸ்மிதை (நான் என்ற உணர்வு) என்ற நாலில் மூன்றாவது. அதுவும் கடந்துபோக வேண்டிய படிதான். தியானத்தில் இனிமை வந்ததும் இதுதான் கடைசி நிலையம் என்று இறங்கிவிடுபவர்கள் நிறைய. நேற்று வந்த இனிமை இன்று வரவில்லையே என்று உட்கார்ந்த இடத்திலேயே ஏங்கினால், அதுவும் ராகம்தான்.

படித்துறை எழுதியது:

உரைகல் தத்துவத்தைச் சொல்லிவிட்டார். நான் இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு வருகிறேன்.

எட்டும் மாடிப்படி இல்லை. சூத்திரம் அங்கம் என்றே சொல்கிறது. உடம்பில் கை வளர்ந்து முடிந்த பிறகு கால் வளர்வதில்லை. ஆனால் பிரத்தியாகாரம் வரைக்கும் உள்ள ஐந்தும் புறத்தளவிலான துணை, கடைசி மூன்றும் நெருங்கிய துணை என்று 3.7 பிரிக்கிறது. அகிம்சை, சத்தியம், அஸ்தேயம் (திருடாமை), பிரம்மசரியம், அபரிக்கிரகம் (சேர்த்து வைக்காமை) என்ற ஐந்து இயமங்களை முழுதாக முடித்துவிட்டுத்தான் உட்காருவேன் என்றால் இந்தப் பிறவி போதாது. அதற்காக, பகல் முழுக்கப் பொய் சொல்லிவிட்டு மாலையில் 20 நிமிடம் உட்கார்ந்தால் அந்த 20 நிமிடமும் பகலில் சொன்ன பொய்க்குக் காவல் காக்கத்தான் போகும். இரண்டையும் ஒரே நாளில் தொடங்குங்கள். (திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் இயமம் பத்து, நியமம் பத்து என்று இருக்கும். பதஞ்சலியில் ஐந்து ஐந்து. இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்து எழுதியவற்றைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.)

எளிதில் பிடிபடும் வாசல் 1.33. நாலு வகை மனிதரிடம் நாலு மனநிலை. சுகமாய் இருப்பவரிடம் மைத்ரி என்னும் நட்பு, துக்கத்தில் இருப்பவரிடம் கருணை, நல்லது செய்பவரிடம் முதிதை என்னும் மகிழ்வு, தீயது செய்பவரிடம் உபேட்சை என்னும் பொருட்படுத்தாமை. வியாசர் உரைக்கு விளக்கம் எழுதிய வாசஸ்பதி மிசிரர் தமது உரையில் ஒவ்வொன்றும் எந்த அழுக்கை எடுக்கும் என்று விளக்குகிறார். மைத்ரி பொறாமையை, கருணை பிறருக்குத் தீங்கு செய்யும் எண்ணத்தை, முதிதை நல்லவரிடம் குற்றம் தேடும் குணத்தை, உபேட்சை கோபக் கொதிப்பை. எடுக்க வேண்டியது எந்த அழுக்கு என்று தெரிந்தால் எதை எப்போது எடுப்பது என்பதில் குழப்பம் இராது. யாரைக் கண்டால் மனம் சுருங்குகிறதோ அவர் இந்த நாலில் எந்த வகை என்று பாருங்கள். பெரும்பாலும் முதல் வகையாக இருப்பார், நமக்குத்தான் அதை ஒத்துக்கொள்ளக் கசக்கும்.

இதில் வழக்கமான தவறு, இடம் மாற்றி வைப்பது. துன்பப்படுகிறவரைப் பார்த்து 'அவர் கர்மா' என்று உபேட்சை காட்டுவது சூத்திரத்துக்கு நேர் விரோதம். உபேட்சை தீயதற்கு மட்டும். அங்கேயும் பொருள், தடுக்காமல் விடுவது அல்ல. தடுத்த பிறகும் உள்ளே அரைத்துக்கொண்டிருக்காமல் விடுவது.

உட்காரும் விஷயத்துக்கு வருவோம். ஆசனத்துக்கு மூலத்தில் உள்ள நிபந்தனை இரண்டுதான்: ஸ்திரம், சுகம். இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருக்க வேண்டும். மடித்த துணி மூன்று நான்கு அங்குலம் கனத்துக்கு வைத்து, அதன் முன்விளிம்பில் உட்காருங்கள். நடுவில் உட்கார்ந்தால் தொடையின் அடிப்பக்கம் அழுந்திப் பத்து நிமிடத்தில் கால் மரத்துவிடும். கீழ்முதுகு கூனினால் உயரம் போதவில்லை என்று பொருள், முதுகை இழுத்து நிமிர்த்துவதால் தீராது. நாற்காலியில் உட்காரலாமா என்று கூச்சப்படுகிறவர்களுக்கு: வியாசர் தரும் ஆசனப் பட்டியலில் சாய்மானத்தோடு அமரும் சோபாசிரயமும் இருக்கிறது, எப்படிச் சௌகரியமோ அப்படி என்ற யதாசுகமும் இருக்கிறது. அமர்ந்த பின் 2.47 சொல்வதைச் செய்யுங்கள், முயற்சியைத் தளர்த்துங்கள். தாடை, நாக்கின் அடி, தோள், வயிறு என்று நாலு இடம் பார்த்துத் தளர்த்தினால் பெரும்பாலும் போதும்.

பிறகு மூச்சு. ஐந்து நிமிடம். உள்ளே நாலு எண்ணிக்கை, வெளியே ஆறு. பழகிய பின் வெளியே எட்டு. அடக்கிப் பிடிப்பது வேண்டாம். மூச்சை வெளிவிட்ட பின் அடுத்த மூச்சு தாகத்தோடு பாய்ந்து வந்தால் எண்ணிக்கை உங்களுக்கு அதிகம், ஒன்று குறையுங்கள். உயர் ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கும்பகத்தை, அதாவது மூச்சை அடக்குவதைத் தாமாக முயலவே கூடாது.

அதன்பின் 20 நிமிடம் ஒரே பிடிப்பு. மூச்சோ, ஓங்காரமோ, வேறு மந்திரமோ, எதுவாயினும் ஒன்று. 1.32 சொல்வது ஏக தத்துவ அப்பியாசம், ஒன்றிலேயே பழகுவது. வாரத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டே போவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. குறைந்தது மூன்று மாதம் ஒன்றிலேயே நில்லுங்கள். எவ்வளவு நேரம் நின்றால் தாரணை என்று சூத்திரம் சொல்லவில்லை. கூர்ம புராணத்தை எடுத்துக்காட்டி விவேகானந்தர் 'ராஜயோகம்' நூலில் ஒரு கணக்குத் தருகிறார்: மனம் 12 வினாடி நின்றால் தாரணை, அதைப்போல் 12 சேர்ந்தால் தியானம், அப்படி 12 தியானம் சேர்ந்தால் சமாதி. அதாவது தியானம் 2 நிமிடம் 24 வினாடி. தினமும் ஒரு மணி நேரம் தியானம் செய்கிறேன் என்பவர்கள் இந்த 12 வினாடியை ஒரு தடவை நேர்மையாக எண்ணிப் பார்க்கலாம்.

இரவில் ஐந்து நிமிடம் கணக்குப் பார்ப்பது. 2.34இல் உள்ள சட்டகம் போதும். தீங்கான செயலோ எண்ணமோ தானே செய்ததா, பிறரைக் கொண்டு செய்வித்ததா, பிறர் செய்ததற்குத் தலையாட்டியதா. பேராசையாலா, கோபத்தாலா, மயக்கத்தாலா. லேசாகவா, நடுத்தரமாகவா, கடுமையாகவா. மூன்றை மூன்றால் பெருக்கி மறுபடி மூன்றால் பெருக்க 27. வியாசர் இதை 81 வரை கொண்டுபோகிறார், நமக்கு 27 தாராளம். பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது தலையாட்டியதைத்தான். யாரோ யாரையோ திட்டி எழுதியதைச் சிரித்தபடி நாலு பேருக்கு அனுப்பினால் அது அனுமோதிதம். நான் யாரையும் ஒன்றும் சொல்லவில்லையே என்ற சமாதானம் இங்கே செல்லாது.

நிதானி எழுதியது:

படித்துறையின் 27 கணக்கு சரிதான், ஆனால் அதைத் தனியே கொடுத்தால் ஆபத்து. தன்னையே கரித்துக்கொட்டும் இயல்பு உள்ளவருக்கு அது இரவுநேரக் குற்றப்பத்திரிகை ஆகிவிடும். 2.33இல் சொன்ன பிரதிபட்ச பாவனையை (தீய எண்ணத்துக்கு எதிரானதை நினைப்பதை) சேர்த்தே செய்ய வேண்டும்.

அதையும் 'நல்லதையே நினை' என்று சுருக்கிவிடுகிறார்கள். மூலம் அப்படிச் சொல்லவில்லை. அவன்மேல் கோபம் வரும்போது அவனிடம் அன்பு இருப்பதாக நடிக்கச் சொல்வது அல்ல அது. அந்த எண்ணத்தின் பலனைப் பார் என்கிறது: துக்கமும் அஞ்ஞானமும் முடிவில்லாமல் கிளைப்பதுதான் அதன் விளைச்சல். செய்முறை இப்படி: எண்ணம் எழுந்ததும் பெயர் சொல்லுங்கள். அது எங்கே போய் முடியும் என்று அடுத்த இரண்டு மூன்று கட்டம் வரை ஓட்டிப் பாருங்கள். சொல்லிவிடுவேன், அவர் திருப்பிச் சொல்வார், ராத்திரி தூக்கம் போகும், நாளைக்கு முகம் பார்க்க முடியாது. அவ்வளவுதான். பலனை நிஜமாகப் பார்த்தால் பிடி தளரும். பார்க்காமல் மேலே சந்தனம் பூசினால், அடக்கிய கோபம் வேறு ஆள்மேல் போய் விழும்.

மூன்றாவது கேள்விக்கு என் பதில் 2.4இல் இருக்கிறது. அவித்தை (அறியாமை), அஸ்மிதை, ராகம், துவேஷம் (வெறுப்பு), அபினிவேசம் (உயிர்மேல் ஒட்டுதல்) என்ற ஐந்தும் கிலேசங்கள், மனத்தை வாட்டும் மாசுகள். அவித்தை மற்ற நாலுக்கும் விளைநிலம், அந்த நாலுக்கும் நாலு நிலை. உறங்குவது, மெலிந்தது, இடைவிட்டது, வீறுகொண்டது. முதல் மூன்று வாரத்தில் காணாமல் போன எரிச்சல் மெலிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். அநேகமாக அது இடைவிட்டது மட்டுமே, விச்சின்னம். வியாசர் சொல்லும் உதாரணம் எளிது. சைத்திரன் என்பவன் ஒரு பெண்மேல் பற்று வைத்திருந்தால், மற்ற பெண்களிடம் அவனுக்கு வைராக்கியம் என்று ஆகாது. பற்று இப்போதைக்கு அங்கே ஓடுகிறது, அவ்வளவே. புதுப் பயிற்சி என்ற ஆர்வமும் ஒரு ராகம்தான். அது ஓடிக்கொண்டிருந்தபோது துவேஷத்துக்கு இடம் கிடைக்கவில்லை. புதுமை தீர்ந்ததும் இடம் காலி, பழைய குடித்தனக்காரர் திரும்பிவிட்டார்.

மெலிந்ததா இடைவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தூண்டுதல் இல்லாத நாளை வைத்து அளக்காதீர்கள். வழக்கமாகத் தூண்டும் அதே ஆள், அதே பேச்சு எதிரில் வரும்போது மூன்றைப் பாருங்கள். எழ எவ்வளவு நேரம் ஆகிறது, எவ்வளவு உயரம் போகிறது, இறங்க எவ்வளவு நேரம். மெலிவது முதலில் மூன்றாவதில்தான் தெரியும். இரண்டு நாள் நின்ற கசப்பு அரை நாளில் இறங்கினால், எழுந்த வேகம் முன்போலவே இருந்தாலும், கிரியா யோகம் (2.1 சொல்லும் தவம், சுவாத்தியாயம், ஈசுவர பிரணிதானம் என்ற பயிற்சி) வேலை செய்கிறது என்று பொருள். 2.2 அதற்குச் சொல்லும் பயனும் கிலேசத்தை மெலிவிப்பதுதான், ஒழிப்பது அல்ல. வியாசர் துணி உதாரணம் சொல்வார்: மேலோட்டமான அழுக்கை முதலில் உதறியே போக்கலாம், நுண்ணிய அழுக்கு முயன்று வெளுத்தால்தான் போகும். உதறின துணியைப் பார்த்து வெளுத்துவிட்டது என்று மடித்து வைக்கிறோம்.

கூடுதலாக எரிச்சல் வருகிறது என்றீர்களே, அதற்கு வேறொரு காரணமும் பார்க்க வேண்டும். தொடங்கின உற்சாகத்தில் தூக்கத்தைக் குறைத்து, சாப்பாட்டைக் குறைத்து, பேச்சையும் குறைத்து எல்லாம் ஒரே வாரத்தில் செய்திருந்தால் அது தவத்தின் மிகை. தவம் சித்தத்தின் தெளிவைக் கெடுக்காத அளவில்தான் செய்யத் தக்கது என்று 2.1 உரையிலேயே வரம்பு இருக்கிறது. எரிச்சல் வந்தால் அந்த வரம்பு தாண்டியாயிற்று. முதலில் தூக்கத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

உடல் நடுக்கம் பற்றியும் ஒரு வார்த்தை, இங்கே யாராவது கேட்பார்கள். உட்காரும்போது உடம்பு உதறுவதையும் மூச்சு தாறுமாறாக ஓடுவதையும் சக்தி எழுகிறது என்று கொண்டாடுகிறார்கள். 1.31இல் துக்கம், மனத்தளர்ச்சி, அங்க நடுக்கம், கட்டுப்பாடற்ற உள்மூச்சு வெளிமூச்சு ஆகியவை சிதறிய மனத்தின் கூட்டாளிகள் என்றே எண்ணப்படுகின்றன. வந்தால் பயிற்சி நேரத்தைப் பாதியாக்கி, மூச்சு எண்ணிக்கையை விட்டுவிட்டு, சும்மா நீளமாக வெளிவிடுங்கள். நாட்கணக்கில் உறக்கமின்மை, காரணமில்லாத பயம், எதிலும் பிடிப்பற்றுப் போதல் என்று இருந்தால் மருத்துவரிடம் போவதுதான் முதல் வேலை. 1.30 எண்ணும் ஒன்பது தடைகளில் முதலில் நிற்பது வியாதி. அதை மூச்சை எண்ணிக்கொண்டே கடந்துவிடலாம் என்று பதஞ்சலி எங்கும் சொல்லவில்லை.

தெளிநீர் எழுதியது:

விச்சின்னம் விளக்கம் சட்டென்று உறைத்தது, நன்றி. தூக்கத்தைக் குறைத்த விஷயமும் சரியாக வந்து விழுந்தது.

ஒரு தொடர் கேள்வி. போதும் என்ற மனமும் வைராக்கியமும் சேர்ந்தால் வேலையில் முன்னேற்றம், குடும்பத்தில் ஒட்டுதல் இதெல்லாம் என்ன ஆகும்? ரசித்துச் சாப்பிடுவதே ராகமா? அப்படியானால் நிலையான மகிழ்ச்சி என்பது நிலையான உப்புச்சப்பின்மை ஆகிவிடாதா?

உரைகல் எழுதியது:

2.7ஐச் சொல்லுக்குச் சொல் பாருங்கள். சுகத்தைப் பின்தொடர்ந்து கிடப்பது ராகம். சுகமே ராகம் என்று இல்லை. வியாசர் அதை இன்னும் பிரிக்கிறார்: சுகத்தை அறிந்தவனுக்கு, அந்தச் சுகத்தின் நினைவு முன்னால் வர, அந்தச் சுகத்தின் மீதோ அதைத் தரும் பொருளின் மீதோ எழும் பேராவல். இதில் மூன்று கண்ணிகள் இருக்கின்றன. சுவைத்தது, நினைத்தது, ஆவல் கொண்டது. ரசித்துச் சாப்பிடும்போது சுவை நாக்கில் இருக்கிறது, அதில் குற்றம் இல்லை. நாளை அது கிடைக்காதபோது வீட்டில் இருப்பவர்மேல் முகம் சுளிக்கிறீர்களா என்பதே சோதனை. வேலை செய்யுமிடம் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில். நினைவு வந்துவிட்டது, ஆவல் இன்னும் கிளம்பவில்லை; அந்த இடைவெளி முதலில் கண்ணில் படாது, உட்கார்ந்து பழகப் பழகத் தெரியவரும். தியானத்துக்கு அன்றாடத்தில் உள்ள பயன் இதுதான் என்பது என் கருத்து.

வேலை, குடும்பம் பற்றி: சந்தோஷத்தின் இலக்கணத்தில் செயலைக் குறைக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. கையில் உள்ள சாதனத்தைக் கொண்டு செய்யத் தடை இல்லை. இல்லாத சாதனத்துக்காக இருப்பதை வெறுப்பதுதான் நிறுத்தப்படுகிறது. அடுத்த நியமமே தவம்தானே, சும்மா இருப்பவனுக்கு அது எதற்கு?

வைராக்கியம் ஒரே நாளில் பற்றறுத்து எழுவதும் அல்ல. வாசஸ்பதி அதற்கு நாலு கட்டம் சொல்கிறார். யதமானம்: புலன்கள் பொருளின்மேல் பாயாமல் இருக்க முயலத் தொடங்குவது. வியதிரேகம்: எந்தப் பற்றுகள் பழுத்து உதிர்ந்தன, எவை இன்னும் காயாக இருக்கின்றன என்று பிரித்து அறிவது. ஏகேந்திரியம்: புலன்கள் ஓடாமல் நின்றுவிட்டாலும் மனத்தில் மட்டும் ஆவல் மிஞ்சியிருப்பது. வசீகாரம்: அந்த ஆவலும் அடங்கி, பொருள் எதிரில் இருந்தும் இழுக்காத நிலை. 1.15இல் சூத்திரம் சொல்லும் வைராக்கியம் இந்த நாலாவது. நம்மில் பலர் முதல் கட்டத்தில் இருந்துகொண்டு நாலாவதுபோல் பேசுகிறோம். வீட்டில் சண்டை வருவது அதனால்தான். இரண்டாவது கட்டம் நடைமுறைக்கு மிகவும் உதவும். ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு, எது உதிர்ந்தது, எது காய் என்று எழுதினாலே மூன்றாவது கட்டத்தை நாலாவதாக எண்ணி ஏமாறுவது பாதி குறையும்.

உப்புச்சப்பின்மை வந்தால் அது வைராக்கியம் அல்ல, ஸ்தியானம் என்னும் மந்தம். 1.30இன் இரண்டாவது தடை. வேறுபாடு தெரிவது எளிது. மந்தத்தில் 1.33இன் கருணையும் சேர்ந்து அணைந்துபோகும், பிறர் துன்பம் தொடாது. வைராக்கியத்தில் தனக்கு வேண்டும் என்பது குறையுமே தவிர, பிறர்மேல் உள்ள கவனம் குறையாது, பெரும்பாலும் கூடும்.

படித்துறை எழுதியது:

உரைகல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 1.12 உரையில் சித்தத்தை இரண்டு பக்கமும் ஓடும் ஆறு என்கிறார் வியாசர். ஒரு பக்கம் பொருள்களை நோக்கிய ஓட்டம், மறுபக்கம் விவேகத்தை நோக்கியது. வைராக்கியம் முதல் பக்கத்து மதகை அடைக்கிறது, அப்பியாசம் இரண்டாவது பக்கத்தைத் திறக்கிறது. அடைத்தால் மட்டும் போதாது, திறக்கவும் வேண்டும். விட்டுவிட்ட பொழுதுபோக்கின் நேரத்தை வெறுமனே வைத்தால் மதகு உடையத்தான் செய்யும். மாலையில் ஒரு மணி நேரம் எதையாவது விட்டீர்களா? அந்த மணியிலேயே ஜபத்தையோ வாசிப்பையோ வையுங்கள், வேறு மணியில் வேண்டாம்.

அப்புறம் 1.14இல் மூன்று நிபந்தனை: நெடுங்காலம், இடைவிடாமை, மதிப்போடு செய்தல். மூன்றில் இடைவிடாமையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரத்தைவிடத் தினமும் 15 நிமிடம் மேல். முடியாத நாளில் துணியை விரித்து மூன்று நிமிடம் உட்கார்ந்து எழுந்தாலும் சங்கிலி அறவில்லை.

நிதானி எழுதியது:

சரி. தடைகளில் கடைசி இரண்டை மட்டும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் நல்லது, தெளிநீர் கேட்டது அதன் அருகில்தான் வருகிறது. அலப்தபூமிகத்துவம் என்றால் ஒரு நிலையை எட்டாமலே இருப்பது. அனவஸ்திதத்துவம் என்றால் எட்டியும் அதில் நிற்க முடியாமல் போவது. முதலாவதற்கு வழக்கமான காரணம் பிடிப்பை மாற்றிக்கொண்டே இருப்பது, ஆகவே ஒன்றில் நிற்க வேண்டும். இரண்டாவதற்கு வழக்கமான காரணம் பகல்நேர வாழ்க்கை உட்காரும் நேரத்துக்கு எதிராக இருப்பது, ஆகவே இயமத்தில் ஓட்டை எங்கே என்று பார்க்க வேண்டும். உட்காரும் நேரத்தைக் கூட்டினால் இரண்டாவது தீராது. கூட்டிப் பார்த்துவிட்டு, எனக்கு இது சரிவராது என்று விடுபவர்கள்தான் அதிகம்.

தெளிநீர் எழுதியது:

எட்டியும் நிற்காதது, சந்தேகமே இல்லை. இயமத்தில் எங்கே ஓட்டை என்று பார்க்கிறேன். கடைசியாக ஒன்று: வாசிப்பை எந்த வரிசையில் வைத்துக்கொள்வது? முதல் சூத்திரத்திலிருந்தே தொடங்கினால் 1.17க்கு மேல் தலை சுற்றுகிறது.

உரைகல் எழுதியது:

சுற்றத்தான் செய்யும். உரை மரபிலேயே முதல் பாதம் ஏற்கெனவே மனம் ஒருமுகப்பட்டவருக்கு, இரண்டாம் பாதம் மனம் வெளியே ஓடிக்கொண்டிருப்பவருக்கு என்று ஒரு பிரிவு உண்டு, 2.1க்கு வியாசர் எழுதும் முன்னுரை அதுதான். இரண்டாம் பாதத்தின் 55 சூத்திரங்களை முதலில் முடியுங்கள், நாளுக்கு ஒன்று வீதம் இரண்டு மாதத்துக்குள் ஆகிவிடும். பிறகு 1.1 முதல் 1.16 வரை, அப்புறம் 1.30 முதல் 1.39 வரை. ஓங்கார ஜபம் எடுத்திருந்தால் 1.23 முதல் 1.29ஐயும் இடையில் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாம் பாதத்தில் முதல் எட்டு சூத்திரம் போதும், சித்திகளின் (அற்புத ஆற்றல்களின்) பட்டியலை அவசரப்பட்டுத் திறக்க வேண்டாம். பதஞ்சலியே அவற்றைச் சமாதிக்கு இடையூறு என்று அந்தப் பாதத்திலேயே சொல்லிவிட்டார். நாலாம் பாதம் 34 சூத்திரம், அதை ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த இடையூறு சூத்திரத்தைத் தேடும்போது எண் குழப்பம் வரும். மூன்றாம் பாதத்துக்குச் சில பதிப்பில் 55, சில பதிப்பில் 56 சூத்திரம். 21ஆம் சூத்திரத்துக்குப் பிறகு, ஒலி முதலானவை மறைவதைப் பற்றிய ஒரு வரியைச் சிலர் தனிச் சூத்திரமாக எண்ணுகிறார்கள், சிலர் உரையின் பகுதியாக விட்டுவிடுகிறார்கள். அதனால் உங்கள் பதிப்பைப் பொறுத்து அது 3.37 ஆகவோ 3.38 ஆகவோ இருக்கும். மற்ற மூன்று பாதங்களில் இங்கே நாங்கள் கொடுத்த எண்களை அப்படியே தேடலாம்.